ஓடிக்கொண்டிருக்கும் மோனோலித்தை ஆக்டர் முறைக்கு மாற்றுவது எப்படி? லாட்ஜ் முன்பதிவு மென்பொருளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கான மென்பொருள் ஒன்றை எங்கள் சிறு குழு பராமரித்து வருகிறது. அறை ஒதுக்கீடு, பில், தங்குவோர் பதிவேடு எல்லாம் ஒரே நிரலில், ஒரே தரவுத்தளத்தில் இருந்தன. இப்படி எல்லாம் ஒன்றாகப் பிணைந்த மென்பொருளைத்தான் மோனோலித் என்கிறார்கள். ஜாவா மொழி, அதற்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று பலரும் வைத்திருக்கும் அதே அமைப்புதான். அதில் அறை ஒதுக்கீட்டுப் பகுதியை ஆக்டர் முறைக்குக் கொண்டுவரும் வேலையில் பல இடங்களில் திணறினோம். ஆக்டர் பற்றிக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் புதிதாக எழுதப்படும் மென்பொருளை மனத்தில் வைத்தவை. நாள்தோறும் பணம் புழங்கும் மென்பொருளை நிறுத்தாமல், லாட்ஜ்காரருக்கும் தங்க வருபவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மாற்றும் வரிசையை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆக்டர் என்பது தன் நிலையைத் தானே வைத்துக்கொண்டு, தனக்கு வரும் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் கையாளும் சிறு நிரல் அலகு. அதன் நிலையை வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாது. செய்தி அனுப்பலாம், பதில் கேட்கலாம், அவ்வளவுதான். இதனால் பூட்டு போட்டுத் திறக்கும் வேலை அந்த அலகுக்குள் தேவைப்படாது. இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வலியுறுத்தப்போகும் விதியும் இதிலிருந்தே வருகிறது: ஒரு தரவை எந்த நேரத்திலும் ஒருவர் மட்டுமே எழுத வேண்டும். பழைய நிரலும் புதிய ஆக்டரும் சேர்ந்து வாழும் மாதங்களில் இந்த விதி ஒரு மணி நேரம் தளர்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

1. மாற்றம் தேவைதானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்

மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் போதிய காரணமல்ல. ஸ்பிரிங் பூட்டுடன் வரும் டொம்கேட் என்ற வலைச் சர்வர் இயல்பாக 200 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) வரை திறக்கும். தரவுத்தள இணைப்புகளைப் பங்கிடும் ஹிகாரி இயல்பாக 10 இணைப்புகளை மட்டுமே வைத்திருக்கும். டிரான்சாக்ஷனை (முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் ரத்தாகும் தரவுத்தள வேலையை) திறந்து வைத்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்பினாலோ, பணம் வந்ததா என்று பேமென்ட் கேட்வேயிடம் கேட்டாலோ, அந்தப் பத்து இணைப்புகளும் வெளியார் பதிலுக்காகக் காத்துக்கிடக்க, மற்றக் கோரிக்கைகள் எல்லாம் பின்னால் தேங்கி நிற்கும். இதற்கு மருந்து அந்த அழைப்பை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுப்பதுதான். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். காத்திருக்கும் த்ரெட்கள்தான் தொல்லை என்றால், 2023 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 21இன் விர்ச்சுவல் த்ரெட்களை (மிகக் குறைந்த செலவில் திறக்கக்கூடியவை) முதலில் முயன்று பாருங்கள்.

ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் பிழை மட்டும் இருந்தாலும் ஆக்டர் வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸில் எக்ஸ்க்ளூட் என்ற கட்டுப்பாடு உண்டு. அறை எண் ஒன்றாகவும், தங்கும் காலம் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாகவும் இருக்கும் இரண்டாவது வரியைத் தரவுத்தளமே ஏற்க மறுத்துவிடும். ஆக்டர் முறைக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் இந்தக் கட்டுப்பாட்டை இன்றே போட்டுவையுங்கள். மாற்றக் காலத்தில் உங்கள் கடைசிக் காவல் அதுதான்.

அப்படியானால் ஆக்டர் எதற்கு? நிலை, கெடு, போட்டி ஆகிய மூன்றும் ஒரே பொருளின் மீது வந்து சேரும் இடத்துக்கு. எங்கள் ஊர் லாட்ஜ் அறை அப்படிப்பட்ட ஒன்று. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி விடியற்காலையில் வந்து நிற்கும் குடும்பத்துக்குக் கவுன்ட்டரில் அறை கொடுப்பார்கள். அதே நேரத்தில் இணையத்தில் ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருப்பார். இரண்டு நாள் என்று சொல்லி வந்தவர், மருத்துவர் இன்னொரு பரிசோதனை எழுதியதால் நாளுக்கு நாள் தங்கலை நீட்டிப்பார். காலி செய்த அறை துப்புரவு முடியும்வரை கொடுக்க முடியாததாக இருக்கும். இவை அனைத்தையும் தரவுத்தள வரிகளுக்குப் போடும் பூட்டுகளாலும், நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலைகளாலும் சமாளித்துக்கொண்டிருந்தால், அந்தப் பகுதி மாற்றத்துக்கு ஏற்றது. அறிக்கைகள், பயனர் கணக்கு, விலைப்பட்டியல் போன்றவற்றை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவற்றுக்கு ஆக்டரால் எந்தப் பயனும் இல்லை.

2. நிரல் எழுதுவதற்கு முன் எழுத வேண்டிய ஆவணங்கள்

மூன்று ஆவணங்கள் போதும். மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும்.

முதலாவது, உரிமைப் பட்டியல். ஒவ்வொரு அட்டவணைக்கும், தேவைப்பட்டால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும், அதை எழுதுவது யார் என்று குறிக்கும் தாள். நிரலைத் தேடிப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். தரவு மாறும்போது தரவுத்தளம் தானாக ஓட்டும் டிரிக்கர்கள், இரவு ஓடும் ஸ்கிரிப்ட்கள், கணக்காளருக்காக யாரோ எழுதிக்கொடுத்த சிறு நிரல், அவசரத்துக்கு நேரடியாகத் தரவுத்தளத்தில் அப்டேட் ஓட்டும் பழக்கம் ஆகியவை நிரலில் தெரியாது. இவற்றைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனித் தரவுத்தளப் பயனரை உருவாக்குங்கள். சோதனைச் சர்வரில், அறை அட்டவணையை மாற்றும் அனுமதியை ஒரு பயனரைத் தவிர மற்ற அனைவரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு முழு நாளின் வேலைகளை ஓட்டிப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று அலறும் ஒவ்வொரு இடமும் உங்கள் பட்டியலில் சேர வேண்டிய ஒரு வரி. இந்தத் தாள் நிறைவடையாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது, செய்திப் பட்டியல். நிரல்மொழியில் எழுத வேண்டாம். லாட்ஜ் மேலாளர் படித்தால் புரியும் தமிழில் எழுதுங்கள். ‘அறையைப் பிடித்துவை’, ‘பணம் வந்தது’, ‘கெடு முடிந்தது’, ‘ஒரு நாள் நீட்டி’, ‘காலி செய்’, ‘துப்புரவு முடிந்தது’ என்று வரும். ஒவ்வொரு செய்திக்கும் அறை எந்தெந்த நிலையில் இருந்தால் என்ன பதில் என்று கட்டம் கட்டுங்கள். வெற்றுக் கட்டங்கள் நிறைய வரும். அவற்றை நிரலாளர் தம் விருப்பப்படி நிரப்பக் கூடாது. மேலாளரிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, திரும்பும் வழி. ஒவ்வொரு படியிலும் சிக்கல் வந்தால் யார், எந்த ஆணையால், எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திருப்புவார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். அதை ஒருமுறையாவது சோதனைச் சர்வரில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

3. கருவியும் உரிமமும்

உங்கள் மோனோலித் எந்த மேடையில் இருக்கிறதோ அதே மேடையில் ஓடும் ஆக்டர் நூலகத்தையே எடுங்கள். ஜேவிஎம் (ஜாவா நிரல்கள் ஓடும் மேடை) என்றால் அக்கா அல்லது அப்பாச்சி பெக்கோ. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்றால் ஆர்லியன்ஸ் அல்லது அக்கா டாட்நெட். எலிக்சர் மிக நல்ல மொழி, ஆக்டர் அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஆனால் ஜாவா மோனோலித்தைப் படிப்படியாக மாற்றும்போது மொழியையும் சேர்த்து மாற்றினால், அடுத்து வரும் நான்காவது படியில் சொல்லும் மிகப் பாதுகாப்பான வழி உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

உரிமத்தைக் கவனமாகப் படியுங்கள். அக்கா 2022 செப்டம்பரில் அப்பாச்சி 2.0 உரிமத்திலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு (நிரலைப் படிக்கலாம், ஆனால் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு) மாறியது; 2.7 பதிப்பு முதல் அந்த உரிமத்திலேயே வெளியிட்டார்கள். பழைய 2.6 வரிசையிலிருந்து கிளைத்து, அப்பாச்சி 2.0 உரிமத்திலேயே தொடர்வது பெக்கோ. இணையத்தில் இருக்கும் அக்கா 2.6 பாடங்கள் பெரும்பாலும் தொகுப்புப் பெயரை மாற்றினால் பெக்கோவுக்கும் பொருந்தும். நாங்கள் பெக்கோவை எடுத்ததற்கு உரிமம்தான் முதல் காரணம். வாடிக்கையாளரின் சர்வரில் நிறுவித் தரும் மென்பொருள் என்றால், எந்த உரிமத்தில் எந்த நூலகம் உள்ளே இருக்கிறது என்பதை ஒப்பந்தத்துடன் இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.

4. முதல் ஆக்டரை மோனோலித்துக்கு உள்ளேயே எழுதுங்கள்

தனிச் சேவை, தனிச் சர்வர், கிளஸ்டர் (பல சர்வர்கள் ஒன்றாக இயங்கும் கூட்டம்) எதுவும் இப்போது வேண்டாம். இருக்கும் நிரலுக்குள், அதே ப்ராசஸில், அறைக்கு ஓர் ஆக்டர் என்று தொடங்குங்கள். அதற்கு முன் அறை தொடர்பான எல்லா அழைப்புகளும் ஒரே இன்டர்ஃபேஸ் (அழைப்பு வாசல்) வழியாகச் செல்லும்படி பழைய நிரலை ஒழுங்குபடுத்திவிடுங்கள். பின்னால் பழைய செயலாக்கம் இருக்கிறதா, ஆக்டர் இருக்கிறதா என்பது அழைப்பவருக்குத் தெரியக் கூடாது. இந்த ஒழுங்குபடுத்தல் சலிப்பூட்டும் வேலைதான்; ஆனால் திட்டம் பாதியில் கைவிடப்பட்டாலும் இதன் பலன் நிலைத்து நிற்கும்.

ஆக்டரின் அளவை முடிவுசெய்வதில் பலர் தடுமாறுகிறார்கள். லாட்ஜுக்கு ஓர் ஆக்டர் என்று வைத்தால் அறுபது அறைகளின் வேலையும் ஒரே வரிசையில் நிற்கும். முன்பதிவுக்கு ஓர் ஆக்டர் என்று வைத்தால் ஒரே அறைக்கு இரண்டு முன்பதிவுகள் மோதுவதை யார் தடுப்பது என்ற கேள்வி மறுபடியும் வந்துவிடும். எந்தப் பொருளின் மீது மோதல் நடக்கிறதோ அந்தப் பொருளே ஆக்டர். இங்கே அது அறை. ‘இன்று எந்த அறைகள் காலி?’ என்ற கேள்வியை அறுபது ஆக்டர்களிடமும் கேட்டுத் தொகுக்க வேண்டாம். ஒவ்வோர் ஆக்டரும் தன் நிலை மாறும்போது தரவுத்தளத்தில் ஒரு வரியைப் புதுப்பிக்கட்டும். பட்டியல் திரை அதைப் படிக்கட்டும். அந்தப் பட்டியல் ஒரு நொடி பழையதாக இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. அறையைக் கொடுக்கும் முடிவு மட்டும் ஆக்டரிடமே இருக்க வேண்டும்.

இப்போது ஓர் அறையை அருகில் வைத்துப் பார்ப்போம். காலை 6.10க்கு ஒருவர் அறை 204ஐ இணையத்தில் பிடிக்கிறார். ஆக்டர் ‘காலி’ நிலையிலிருந்து ‘பிடித்துவைத்தது’ நிலைக்கு மாறி, ஒரு பிடிப்பு எண்ணைக் கொடுத்து, 15 நிமிடக் கெடுவைத் தனக்குத்தானே வைத்துக்கொள்கிறது. 6.25க்குக் கெடு முடிந்து அறை மீண்டும் காலியாகிறது. அதே நிமிடத்தில் கவுன்ட்டரில் நிற்கும் குடும்பத்துக்கு 204ஐக் கொடுக்கிறார்கள். 6.26க்கு, முதலாமவரின் யூபிஐ பணம் வந்துவிட்டது என்று கேட்வே சொல்கிறது. பழைய நிரலில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது கிரான் எப்போது ஓடியது என்பதைப் பொறுத்தே இருந்தது. ஆக்டரில் இதற்குத் திட்டமான ஒரே பதிலை எழுத முடியும்: செய்தியில் உள்ள பிடிப்பு எண் இப்போதைய பிடிப்பு எண்ணுடன் ஒத்துப்போகாவிட்டால், அறை இன்னும் காலியாக இருக்கும்போது மட்டும் ஏற்றுக்கொள், இல்லையென்றால் மாற்று அறை அல்லது பணத்தைத் திருப்பித் தருதல் என்ற வேலைப் பட்டியலுக்கு அனுப்பு. எந்தச் செய்தியிலும் அறை எண்ணோடு பிடிப்பு எண்ணும் இருந்தாக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கேட்வேக்கள் ஒரே தகவலை இரண்டு, மூன்று முறை அனுப்பக்கூடும் என்பதால், கட்டண எண்ணையும் நினைவில் வைத்து, ஏற்கெனவே கையாண்டதை மீண்டும் கையாளாமல் விட வேண்டும்.

இந்தப் படியில் கவனிக்க வேண்டிய பொறிகள் சில உண்டு. ஆக்டருக்குள் தரவுத்தள அழைப்போ, எஸ்எம்எஸ் அனுப்பும் அழைப்போ காத்திருக்கும் வகையில் இருக்கக் கூடாது. ஆக்டர்களுக்கு த்ரெட்களைப் பங்கிட்டுத் தரும் பகுதிதான் டிஸ்பாட்சர்; இயல்பான டிஸ்பாட்சரின் த்ரெட்கள் மிகச் சிலவே, அவை அடைபட்டால் தொடர்பே இல்லாத ஆக்டர்களும் நின்றுவிடும். காத்திருக்கும் வேலைக்குத் தனி டிஸ்பாட்சர் அமைத்து, பதிலை ஒரு செய்தியாகப் பெறுங்கள். அடுத்தது, ஆக்டருக்கு வரும் செய்திகள் காத்திருக்கும் மெயில்பாக்ஸ். இயல்பில் அதற்கு வரம்பு கிடையாது. தரவுத்தளம் மெதுவானால் செய்திகள் நினைவகத்தில் குவிந்துகொண்டே போய், கடைசியில் ப்ராசஸே விழும். மூன்றாவது, நேரக் காலாவதி. இணையக் கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலர் ஆக்டரிடம் கேட்டு மூன்று நொடியில் பதில் வரவில்லை என்றால், வேலை நடக்கவில்லை என்று பொருளாகாது, நடந்தும் இருக்கலாம். பயனருக்கு ‘தோல்வி’ என்று காட்டாமல், அதே கோரிக்கை எண்ணுடன் நிலையை மீண்டும் கேளுங்கள்.

5. நிழல் ஓட்டம்

ஆக்டர் தயாரானவுடன் அதனிடம் எழுதும் உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய நிரலே வேலை செய்யட்டும்; ஒவ்வொரு கோரிக்கையின் நகலும் ஆக்டருக்குச் செல்லட்டும்; ஆக்டர் தன் முடிவைத் தனி அட்டவணையில் மட்டும் எழுதட்டும். எஸ்எம்எஸ், பணம் திருப்புதல், அச்சு ஆகிய வெளி விளைவுகள் அனைத்தும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரவில் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

வேறுபாடுகளில் கணிசமானவை பழைய நிரலின் பிழைகளாகவே இருக்கும். அவற்றை ஆக்டரில் அப்படியே நகலெடுக்க வேண்டாம். அதற்காக லாட்ஜ்காரரிடம் சொல்லாமல் திருத்தவும் வேண்டாம். அந்தப் பிழையை நம்பியே கவுன்ட்டரில் ஒரு பழக்கம் உருவாகியிருக்கும். 24 மணி நேரக் கணக்கில் அரைமணிச் சலுகை கொடுப்பது போன்றவை எங்கும் எழுதப்படாமல் நிரலின் ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும். சர்வர் யூடிசி (உலகப் பொது) நேரத்திலும் கவுன்ட்டர் இந்திய நேரத்திலும் இருந்தால், அந்த ஐந்தரை மணி வேறுபாடு நள்ளிரவை ஒட்டிய பதிவுகளில் தலைகாட்டும். அதைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

நிழல் ஓட்டத்துக்குக் குறைந்தது ஒரு முழு மாதம் வேண்டும். மாதக் கடைசிக் கணக்கு, திங்கட்கிழமைக் காலை நெரிசல், நீண்ட விடுமுறை வார இறுதி ஆகியவை அதற்குள் வந்திருக்க வேண்டும். இவற்றைப் பார்க்காமல் ‘பத்து நாளாக வேறுபாடே இல்லை’ என்று கிளம்புவது நல்லதல்ல.

6. எழுதும் உரிமையைக் கைமாற்றுதல்

இதுவே மிக ஆபத்தான படி. லாட்ஜ் லாட்ஜாக மாற்றுங்கள். பத்து விழுக்காடு கோரிக்கைகளை மட்டும் புதிய வழிக்கு அனுப்புவது என்ற முறை இங்கே உதவாது. ஒரே அறைக்கு வரும் கோரிக்கைகளில் சில பழைய நிரலுக்கும் சில ஆக்டருக்கும் போனால் இருவரும் எழுதுவார்கள். அறைகள் லாட்ஜுக்கு லாட்ஜ் தனித்தனி என்பதால், லாட்ஜ்தான் இயல்பான வெட்டுக்கோடு. உங்கள் துறையிலும் அப்படி ஒரு கோடு இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

முறை இதுதான். அந்த லாட்ஜின் முன்பதிவை ஒன்றிரண்டு நிமிடம் பார்வைக்கு மட்டும் என்று வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் டிரான்சாக்ஷன்கள் முடியட்டும். தரவுத்தளத்தில் இருக்கும் நிலையிலிருந்து ஆக்டர்களை எழுப்புங்கள்; திறந்திருக்கும் பிடிப்புகளின் மீதமுள்ள கெடுவையும் அவை எடுத்துக்கொண்டனவா என்று பாருங்கள். அந்த லாட்ஜின் தரவு வரிகளைப் பழைய பயனர் மாற்ற முடியாதபடி தரவுத்தளத்திலேயே தடுத்துவிடுங்கள். இரண்டாவது படியில் தனிப் பயனர்களை உருவாக்கியதன் முழுப் பலன் இப்போதுதான் தெரியும். பிறகு, கோரிக்கைகள் பழைய நிரலுக்குப் போகுமா ஆக்டருக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கும் சுவிட்சைத் திருப்புங்கள். விடியற்காலையையும் காலி செய்யும் நேரத்தையும் தவிர்த்து, உங்கள் லாக்கில் மிகக் குறைந்த போக்குவரத்து எப்போது என்று பார்த்து நேரம் குறியுங்கள்; எங்கள் ஊர் லாட்ஜ்களுக்குப் பிற்பகல் பொருத்தமாக இருந்தது. ரிசப்ஷனில் இருப்பவருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, மாற்றம் முடியும்வரை இணைப்பிலேயே இருங்கள்.

ஆக்டர் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, அடுத்து எஸ்எம்எஸ் வரிசைக்கோ கணக்குப் பகுதிக்கோ தகவல் அனுப்புவதற்குள் சர்வர் விழுந்தால் என்ன ஆகும்? அந்தத் தகவல் காணாமல் போகும். ஆக்டர்களுக்கு இடையில் செல்லும் செய்தியும் இயல்பில் அதிகபட்சம் ஒருமுறைதான் போய்ச் சேரும், சேராமலும் போகலாம். அதனால், வெளியே போக வேண்டிய தகவலை, நிலையை எழுதும் அதே டிரான்சாக்ஷனில் அவுட்பாக்ஸ் என்ற அட்டவணையிலும் எழுதுங்கள். தனி வேலை ஒன்று அதைப் படித்து அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறிக்கட்டும். இரண்டு முறை போகலாம், போகாமல் இருக்காது. பெறுபவர் எண்ணைப் பார்த்து இரட்டிப்பைத் தள்ளிவிடுவார்.

மாறிய பிறகும் சில மாதங்களுக்கு ஆக்டர் பழைய அட்டவணைகளைப் பழைய வடிவத்திலேயே நிரப்பிவர வேண்டும். அப்போதுதான் சுவிட்சைத் திருப்பினால் பழைய நிரல் உடனே வேலையை எடுத்துக்கொள்ள முடியும். அறிக்கைகளும் உடையாமல் இருக்கும்.

7. எதை நிகழ்வுகளாகச் சேமிப்பது

ஆக்டர் என்றாலே எல்லாவற்றையும் நிகழ்வு வரிசையாகத்தான் (நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவாக வைத்து, அவற்றைக் கூட்டி இப்போதைய நிலையைப் பெறும் முறையில்) சேமிக்க வேண்டும் என்று ஒரு கருத்து பரவியிருக்கிறது. தேவையில்லை. அறைக்கு இப்போதைய நிலை மட்டும் போதும். பெக்கோவில் அதற்கு டியூரபிள் ஸ்டேட் என்ற வசதி இருக்கிறது. ‘இது எப்படி இந்த நிலைக்கு வந்தது?’ என்று பின்னாளில் யாராவது கேட்கக்கூடிய இடத்துக்கு மட்டும் நிகழ்வுகளை வையுங்கள். தங்கல் கணக்கு அப்படிப்பட்டது.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. நிகழ்வில் ‘ஒரு நாள் சேர்ந்தது’ என்று மட்டும் எழுதிவைத்து, வரியை மீள்கணக்கிடும்போது இன்றைய நிரலால் கணித்தால், செப்டம்பர் 10ஆம் தேதி கொடுத்த பில்லின் தொகை மாறிவிடும். நிகழ்வில் வாடகை, விழுக்காடு, கணித்த வரி மூன்றையும் எண்ணாகவே எழுதுங்கள். மீட்டெடுக்கும் நிரல் கூட்ட வேண்டுமே தவிர எதையும் முடிவுசெய்யக் கூடாது.

தங்குவோரின் பெயர், அடையாள அட்டை, நோய் தொடர்பான குறிப்பு ஆகியவற்றை நிகழ்வுக்குள் வைக்க வேண்டாம். நிகழ்வு அழிக்க முடியாதது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேவை முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. அவற்றைத் தனி அட்டவணையில் வைத்து, நிகழ்வில் ஓர் எண்ணை மட்டும் எழுதுங்கள். வேலூருக்குச் சிகிச்சைக்கு வருவோரில் வங்கதேசத்தவரும் இருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடுவை ஆக்டரின் நினைவகத்தில் ஓடும் டைமரை நம்பி விடக் கூடாது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் டைமர் மறைந்துவிடும். கெடு நேரத்தைத் தரவுத்தளத்தில் எழுதி, ஆக்டர் எழும்போதெல்லாம் அதைப் படித்து டைமரை மீண்டும் வைக்கட்டும்.

8. பில் எண்ணைப் பழைய வழியிலேயே விட்டுவிடுங்கள்

ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் தொடர்வரிசையாக, 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் ஒருமுறை மட்டுமே வருவதாக இருக்க வேண்டும். எண் கொடுக்க ஓர் ஆக்டர் என்பது கேட்க அழகாக இருக்கும். ஆனால் எண்ணைக் கொடுத்த பிறகு பில் எழுதப்படாமல் போனால் வரிசையில் ஓட்டை விழும். போஸ்ட்கிரெஸில் தானாக எண் கொடுக்கும் சீக்வென்ஸும், டிரான்சாக்ஷன் ரத்தானால் எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. ஓர் அட்டவணையில் கடைசி எண்ணை வைத்து, பில் எழுதும் அதே டிரான்சாக்ஷனில் அந்த வரியைப் பூட்டி, ஒன்று கூட்டி எழுதும் பழைய வழியே சரி. ஒரு லாட்ஜில் நிமிடத்துக்கு எத்தனை பில் போடப்போகிறார்கள்? இந்த இடத்தில் வேகம் ஒரு பொருட்டல்ல.

9. கிளஸ்டர்: தேவைப்பட்டால் மட்டும்

ஒரு சர்வர் போதுமென்றால் ஒன்றிலேயே நில்லுங்கள். ஆக்டர் ஒன்றுக்கு ஆகும் நினைவகம் மிகக் குறைவு. வேலூர் முழுவதிலும் உள்ள லாட்ஜ் அறைகளை ஒரே ப்ராசஸில் வைக்கலாம். சர்வர் விழுந்தாலும் சேவை நிற்கக் கூடாது என்பதற்காகவே கிளஸ்டர்.

கிளஸ்டருக்குப் போனால் மூன்று சர்வர் வையுங்கள். இரண்டு சர்வர்களுக்கு இடையே இணைப்பு அறுந்தால் இரண்டுமே தன்னைச் சரி என்று நினைக்கும். அறை 204க்கு இரண்டு ஆக்டர்கள் எழுந்தால் இதுவரை காத்த விதி உடைந்துபோகும். மூன்றில் இரண்டு சேர்ந்தால் பெரும்பான்மை. இதைக் கவனிக்கும் ஸ்பிளிட் பிரெய்ன் ரிசால்வர் பெக்கோவிலேயே இருக்கிறது. ஆனால் அமைப்புக் கோப்பில் நீங்கள் இயக்கினால்தான் இயங்கும். இயக்கிய பிறகு சோதனைச் சர்வர்களில் உண்மையாகவே ஃபயர்வாலால் இணைப்பை அறுத்துப் பாருங்கள்.

ஷார்டுகளின் (ஆக்டர்களைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கான தொகுதிகளின்) எண்ணிக்கையை முதலிலேயே யோசித்து வையுங்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் கிளஸ்டர் முழுவதையும் நிறுத்த வேண்டும். அதிகபட்சமாக எத்தனை சர்வர் வரும் என்று நினைக்கிறீர்களோ அதைப்போல் பத்து மடங்கு என்பது வழக்கமான அளவு. செய்தியைச் சர்வர்களுக்கு இடையே அனுப்பத்தக்க வடிவுக்கு மாற்றும் ஜாவாவின் சொந்த சீரியலைசேஷன் இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்காமல் ஜாக்சன் அல்லது ப்ரோட்டோபஃப் பயன்படுத்துங்கள். புதிய பதிப்பை ஒவ்வொரு சர்வராக ஏற்றும்போது பழைய நிரல் புதிய செய்தியையும், புதிய நிரல் பழைய செய்தியையும் படிக்க நேரும். அதனால் செய்தியில் புதிய புலத்தைச் சேர்க்கலாம். இருக்கும் புலத்தை ஒரே வெளியீட்டில் நீக்கவோ பெயர் மாற்றவோ கூடாது.

10. செலவும் காலமும்

நான்கு பேர் கொண்ட குழு, வழக்கமான பராமரிப்பையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்வதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆவணங்களுக்கும் எழுதுபவர்களைக் கண்டுபிடிப்பதற்கும் மூன்று வாரம் வையுங்கள். இன்டர்ஃபேஸ் ஒழுங்கும் முதல் ஆக்டரும் சேர்ந்து ஆறு முதல் எட்டு வாரம். நிழல் ஓட்டம் ஒரு மாதம், அதில் கிடைத்தவற்றைத் திருத்த இன்னும் இரண்டு வாரம். லாட்ஜ்களைக் கைமாற்றுவதில் முதல் லாட்ஜுக்குப் பின் ஒரு வாரம் காத்திருந்து, பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்றாகச் செல்லலாம். கிளஸ்டர் என்றால் தனியாக இரண்டு மாதம். வாடிக்கையாளரிடம் பேசும்போது இதை ஒரே தேதியாகச் சொல்லாமல் படிவாரியாகச் சொல்லுங்கள்.

பணச் செலவில் பெரும்பகுதி ஆட்களின் நேரம். ஸ்பிரிங் தெரிந்து வரும் இளைஞர்களுக்கு ஆக்டர் சிந்தனை படிய ஒரு மாதமாவது ஆகும்; அந்த மாதத்தில் அவர்களை நிழல் ஓட்ட வேறுபாடுகளைப் படிக்கவைத்தால் துறையும் சேர்ந்து விளங்கும். சர்வர் செலவு மாற்றக் காலத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஏனென்றால் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும். கிளவுட் பில்லில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும், மூன்று சர்வர்களை வெவ்வேறு மண்டலங்களில் (தனித்தனித் தரவு மையங்களில்) வைத்தால் மண்டலங்களுக்கு இடையே செல்லும் தரவுக்கான கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயில்பாக்ஸ் நீளம், செய்தி காத்திருக்கும் நேரம், மறுதொடக்கங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் காட்டும் கண்காணிப்புத் திரைக்கும் செலவு ஒதுக்குங்கள். அது இல்லாமல் ஆக்டர் அமைப்பை இரவில் தனியே விடுவது பொறுப்பற்ற செயல்.

11. பழைய நிரலை நீக்குதல்

கடைசி லாட்ஜும் மாறி மூன்று மாதம் சுவிட்சைத் திருப்பும் தேவை வராமல் கழிந்தால், பழைய செயலாக்கத்தை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் இரண்டு இடங்களில் எழுத வேண்டியிருக்கும். முதலில் சுவிட்ச், அடுத்து பழைய செயலாக்கம், அதன் பிறகு பழைய தரவுத்தளப் பயனர், கடைசியாகப் பழைய வடிவில் நிரப்பிவந்த அட்டவணைகள் என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாதக் கடைசியைக் கடந்து செல்லுங்கள். அட்டவணைகளை நீக்குவதற்கு முன், அவற்றை இன்னும் படிக்கும் அறிக்கைகள் ஏதும் மீதமிருக்கின்றனவா என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பில் தொடர்பான பழைய பதிவுகளை மட்டும் அழிக்க வேண்டாம்: ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் அவற்றை வைத்திருக்க வேண்டும். படிக்க மட்டும் அனுமதியுள்ள தனித் தரவுத்தளத்துக்கு நகர்த்தி, அதன் பேக்கப்பை ஒருமுறை மீட்டெடுத்துப் பார்த்துவிட்டு, மூல அட்டவணையை நீக்குங்கள்.